எண்பத்தேழுக்கும் எண்பத்தொன்பதுக்கும் இடையே

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இக்கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடும் உரிமை உங்களுக்கு உண்டு. ஐந்து ஆண்டுகளுக்கு முன் நான் அனுப்பிய மூன்று கடிதங்களும் அவ்வாறே திரும்பி வந்தன. மூன்றும் என் மேசையின் கீழறையில் உள்ளன. ஆகவே இதனை அலுவலக உறையில் வைத்து, முகவரியைத் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். என் கையெழுத்தைக் கண்டதும் நீங்கள் நிறுத்திவிடக் கூடாது என்பதே காரணம். இது ஒரு சிறு ஏமாற்று, ஒப்புக்கொள்கிறேன்.

செய்தி இது. மருத்துவமனைக்குப் பின்புறம், சலவைக்கூடத்தை ஒட்டியுள்ள ஆழ்துளைக் கிணறும் அதன் அடிபம்பும் தனக்கே உரியவை என்று தண்ணீர்க் கம்பெனி, நான் வேலை பார்க்கும் இந்த அயல்நாட்டு நகரத்தின் நடுவர் மன்றத்தில் மனுச் செய்துள்ளது. ஊர்த் தண்ணீரைக் கம்பெனிக்கு விட்ட குத்தகை ஒப்பந்தத்தின் இரண்டாம் அட்டவணை நீங்கள் எழுதித் தந்த வால்வுப் பட்டியல்தான் என்பதை நான் நினைவூட்டத் தேவையில்லை. அதில் ஒன்று முதல் நூற்று நாற்பத்துமூன்று வரை எண்கள் உள்ளன. எண்பத்தேழுக்குப் பின் எண்பத்தொன்பது வருகிறது. இடையில் உள்ள எண் அந்த அடிபம்பினுடையது, எழுத்தர் பிழையால் விடுபட்டது, அதைத் திருத்திச் சேர்க்க வேண்டும் என்பது கம்பெனியின் வாதம். திருத்தம் ஏற்கப்பட்டால் அக்கிணற்றுக்கு மீட்டர் பொருத்தவோ, அதனை மூடி முத்திரையிடவோ அவர்களுக்கு அதிகாரம் வந்துவிடும்.

என் கேள்வி ஒன்றே ஒன்று. எண்பத்தெட்டை நீங்கள் மறந்துபோனீர்களா?

விசாரணை செப்டம்பரில். குளிர்காலத்தில் உங்கள் இடத்தோள் வலிக்கும் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

தங்கள் தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

டைப் அடிச்ச கவரைப் பார்த்ததும் கம்பெனி நோட்டீஸ்னு நினைச்சுப் பிரிச்சேன். பிரிச்சா நீ. ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் தெரியல.

எப்பலேருந்துடா நான் உனக்கு 'நீங்க' ஆனேன்? உனக்கு மூக்கு சிந்திவிட்டவ நான். பள்ளிக்கூட நோட்டுல வாத்தியார் விட்ட பிழையைத் திருத்தி அடி வாங்கிட்டு வந்தியே, அன்னைக்கு வாத்தியார் வீட்டு வாசல்ல போய் நின்னு சண்டை போட்டவ நான். 'தங்கள் தம்பி'யாம். வாய்தா கேட்கிற மாதிரி எழுதியிருக்க.

அந்த லிஸ்ட்டை எப்படி எழுதினேன்னு உனக்குத் தெரியுமா? குழாய் வரைபடமெல்லாம் போர்ல பம்ப் ஹவுஸோட எரிஞ்சு போச்சு. நம்மளைக் காப்பாத்த வந்த விமானம் மின்நிலையம்னு நினைச்சு எங்க தலையில குண்டு போட்டுது. 'குறி தவறிவிட்டது, வருந்துகிறோம்'னு நாலு வரியில ஒரு தாள் வந்துச்சு. அதுக்கப்புறம் ஊர்ல எந்த வால்வு எங்க இருக்குன்னு தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. நானும் உன் அத்தானும். அவரும் தற்காலிகமா ஓட்டின பம்புக்கு டீசல் வாங்கப் போன இடத்துல, குண்டு விழுந்து பாலத்தோட போயிட்டார்.

அவர் போய் நாலு மாசத்துல நீ ஃபோன் பண்ணின. 'வால்வெல்லாம் எங்க இருக்குன்னு எழுதிக் குடு அக்கா, ரிப்பேருக்கு உதவும்'ன. மூணு வாரம் தெருத்தெருவா நடந்தேன். இரும்புக் கம்பியை வால்வுத் தலையில வச்சுக் காதைக் குடுத்துக் கேட்டேன். எதுல தண்ணி ஓடுது, எதுல வெறும் காத்து, எது செத்துப்போச்சுன்னு கேட்டுக் கேட்டு எழுதினேன். தோள் வலி அப்ப வந்ததுதான், லிஸ்ட்டோட உனக்கு எழுதினேனே.

அப்புறம் ஒருநாள் அச்சடிச்ச புத்தகத்துல பார்க்கிறேன். மேல கம்பெனி முத்திரை. கீழ என் லிஸ்ட். 'ஆறாவது தெரு முனை, தையல்காரர் படிக்கட்டுக்குக் கீழே, இடப்பக்கம் திருப்பணும்'. அதுகூட ஒரு எழுத்து மாறாம அப்படியே இருக்கு. முப்பது வருஷத்துக்கு அவங்களுக்கே. என் கையாலயே எங்க ஊரை எழுதி வாங்கிட்ட.

அத்தான் காரியத்துக்கு வர விமானம் இல்லன்ன. ஒப்பந்தம் போட ஒன்பது நாள் வந்து இருந்தியே, அதுக்கு எங்கேருந்துடா விமானம் கிடைச்சுது?

இங்க இப்ப வீட்டுக்கு வீடு கார்டு மீட்டர். கார்டு போட்டா தண்ணி. குளிக்கும்போது கார்டு தீர்ந்தா தலையில சோப்போட நிக்க வேண்டியதுதான். எனக்குக் கம்பெனியில வேலை உண்டு, ஏன்னா வால்வு எங்கேன்னு என்னைத்தான் கேட்கணும். நீர்நிலையத்துல இருபத்தாறு வருஷமா திறக்கிற வேலை பார்த்தேன். இப்ப மூடற வேலை.

உன் கேள்விக்குப் பதில் கிடையாது. சொன்னா அதையும் அச்சடிப்ப.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் எழுதினாய். பதிலில் பதில் இல்லை, எனினும் எழுதினாய். இருபது நிமிடம் அலுவலகப் படிக்கட்டில் அமர்ந்து வாசித்தேன். 'நீ' என்று எழுதுவதற்கு எனக்கு ஐந்து ஆண்டுகளாக அனுமதி இல்லாதிருந்தது; உன் வசவை அனுமதியாக எடுத்துக்கொள்கிறேன்.

விமானத்தைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் வாதம் இல்லை. முதல் முறை பயணிகள் விமானம் இல்லை. இரண்டாம் முறை ஆலோசகர்களை ஏற்றிவந்த ராணுவ விமானத்தில் எனக்கு ஓர் இருக்கை தரப்பட்டது. அந்த இருக்கையில் அமர்ந்ததே என் குற்றத்தின் தொடக்கம் என்று இப்போது கருதுகிறேன். அன்று அதை வாய்ப்பு என்று கருதினேன்.

அந்த ஒன்பது நாட்கள் நடந்ததை மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். இடைக்கால அரசுக்குச் சட்ட ஆலோசனை வழங்கும் பொறுப்பு எங்கள் நிறுவனத்துடையது. எங்கள் ஊதியத்தைக் கடன் தரும் நாடுகள் தந்தன. பம்ப் நிலையத்தை மீண்டும் கட்டக் கடன் வேண்டும். கடனுக்கு நிபந்தனை தண்ணீரைக் குத்தகைக்கு விடுவது. குத்தகைதாரர் கடன் தரும் நாட்டுக் கம்பெனி. பத்தாம் நாளுக்குள் கையெழுத்தாகாவிட்டால் மருத்துவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சம்பளம் இல்லை. அமைச்சராக அமர்ந்திருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு பக்கத்தையும் புரட்டவில்லை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, இங்கே தொட்டிலுக்கு வாடகையும் கேட்டார்கள். பின்னாளில் எந்த அரசாவது குத்தகையை முறித்தால், இனி வரக்கூடிய லாபத்தையும் சேர்த்து ஈடு தர வேண்டும். வழக்கை நம் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. அந்தத் தண்ணீரில் ஒரு வாய் குடித்திராத மூவர் இங்கிருந்து தீர்ப்புச் சொல்வார்கள்.

அவ்விதிகளுக்கு வாசகம் அமைத்தவன் நான். ஒன்றை மட்டும் நானாகச் சேர்த்தேன்: அட்டவணையில் இல்லாத எதுவும் இவ்வொப்பந்தத்தில் அடங்காது. எல்லை துல்லியமாக இருந்தால் அதற்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்று நம்பினேன். வேலி போட்டுக் கொடுத்தேன். நிலத்தையும் சேர்த்துக் கொடுத்தேன் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. 'ரிப்பேருக்கு உதவும்' என்று நான் சொன்னபோது அதை நம்பியே சொன்னேன். பட்டியல் எங்கே போகிறது என்பது நான்கு நாள் கழித்துத் தெரிந்தது. அன்றே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் நீ அறிய வேண்டும். இந்நகரத்தில் குழாய்த் தண்ணீர் நகராட்சியுடையது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு கம்பெனியிடமிருந்து நகரம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நினைவுக் கல்வெட்டுகூட உண்டு. நாள்தோறும் அதைக் கடந்து வேலைக்குப் போகிறேன்.

இப்போதைய நிலை: அன்று அரசுக்கு ஆலோசனை சொன்ன அதே நிறுவனம் இன்று கம்பெனிக்காக நிற்கிறது. இதில் முரண் ஏதுமில்லை என்று மூவர் கையொப்பமிட்ட குறிப்பு ஒன்று உள்ளது. வரைவை எழுதியவன் என்ற முறையில் நான் ஒரு பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்கிறார்கள். இரண்டே பத்தி. 'எண் 88 என் கவனக்குறைவால் விடுபட்டது.' அதற்குப் பின் நிறுவனத்தில் எனக்குப் பங்கு கிடைக்கலாம் என்று மூத்த பங்குதாரர் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லாமல், நடுவில் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையையே கேட்கிறேன்.

உன் தம்பி


மே 2

தம்பி,

உன் கடிதத்தைக் குறடுகிட்ட படிச்சுக் காட்டினேன். குறடை உனக்கு ஞாபகம் இருக்கா? ஆஸ்பத்திரி பிளம்பர், கையில எப்பவும் குறடு இருக்கும், பேரே அதான். முழுசும் கேட்டுட்டு, "தம்பி நல்லாத்தான் எழுதுது. ஆனா ஒரு வாய் தண்ணி கேட்டா ஒன்பது பத்தி வரும்போல"ன்னார். எத்தனையோ நாளைக்கப்புறம் சிரிச்சேன்.

சரி, சொல்றேன். மறக்கல.

எண்பத்தெட்டுன்னு ஒரு வால்வு ஆஸ்பத்திரி முனையில இருந்துச்சு. முதல் குண்டுல அந்த முனையே போயிடுச்சு. பதினொரு வாரம் ஊர்ல சொட்டுத் தண்ணி இல்ல. அப்பதான் அத்தான், குறடு, சலவைக்கூடத்துப் பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து அந்த இடத்துக்குப் பக்கத்துலயே கையால துளை போட்டாங்க. நாப்பத்தோரு அடியில தண்ணி. ஆபரேஷன் தியேட்டர் துணி அந்தத் தண்ணியிலதான் அலசினது. பம்பு வச்சதும் அத்தான் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிட்டு வந்து '88'னு எழுதினார். போன பிள்ளை பேரை வந்த பிள்ளைக்கு வைக்கிற மாதிரி.

லிஸ்ட் எழுதும்போது எண்பத்தேழு எழுதிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ கேட்டது நீர்நிலையத்து வால்வு. இது நீர்நிலையம் போட்டது இல்ல. எங்க கையால போட்டது. அப்புறம் எண்பத்தொன்பது எழுதினேன். ஏமாத்தணும்னு இல்ல. என்னுது இல்லாததை என் லிஸ்ட்டுல எப்படி எழுதறது?

இன்னொரு விஷயம். போன வாரம் மேலாளர் கூப்பிட்டு ஒரு பூட்டும் சங்கிலியும் குடுத்தார். "பாதுகாப்புக்காக, கேஸ் முடியற வரைக்கும்"னார். அந்தப் பம்புலதான் இப்ப மூணு தெரு உயிரோட இருக்கு. கார்டு வாங்க முடியாதவங்க அத்தனை பேரும் அங்கதான். நான் பூட்டை மேசையிலேயே வச்சேன். "சார், நூத்தி நாப்பத்திரண்டையும் நீங்க சொன்னபடி மூடியிருக்கேன். இதுக்கு எனக்குச் சாவி தெரியாது"ன்னேன். "வேலை வேண்டாமா?"ன்னார். "வேலை வேணும் சார். இது வேலை இல்ல"ன்னேன். அன்னைக்கே வால்வு திருப்பற என் டி-சாவியை வாங்கி வச்சுக்கிட்டார். முப்பது வருஷத்துக்கு மேல தூக்கின இரும்பு. கை லேசா இருக்கு, பிடிக்கல.

நீ கையெழுத்துப் போடணும்னா போடு. உன் வயிறும் வயிறுதான். நான் திட்ட மாட்டேன்.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடைசி வரி என்னைத் தூங்க விடவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உன் பட்டியல் என் மேசைக்கு வந்த அன்றே எண்களைச் சரிபார்த்தேன். எண்பத்தேழுக்குப் பின் எண்பத்தொன்பது இருப்பதைக் கண்டேன். அது பிழையா என்று உன்னைக் கேட்பதே என் கடமை. தொலைபேசியைக் கையில் எடுத்தேன். போர்க்காலத்தில் நீ எழுதிய கடிதங்கள் வழியே அந்தப் பம்பும், அதன் மேல் அத்தான் எழுதிய எண்ணும் எனக்குத் தெரிந்திருந்தன. தொலைபேசியைக் கீழே வைத்தேன். வரைவின் ஓரத்தில் பென்சிலால், என் வழக்கப்படி தேதியிட்டு, எழுதினேன்: '88 இல்லை. கேட்க வேண்டாம்.'

கடைசி வரைவு என்பதால் அத்தாள் கோப்பில் இருக்கிறது. அக்கோப்பு அன்றைய என் கட்சிக்காரரான அரசுக்கு உரியது. நானாக வெளியிட எனக்கு உரிமையில்லை. ஆகவே தற்போதைய அரசின் நீர்த்துறைக்கு எழுதி அனுமதி கேட்டுள்ளேன். அவர்கள் தந்தால், கம்பெனி கேட்கும் இரண்டு பத்திக்குப் பதிலாக வேறு இரண்டு பத்தி எழுதுவேன்.

விளைவுகளை நான் அறிவேன். நீ கவலைப்பட வேண்டாம்.

உன் தம்பி


ஜூன் 14

தம்பி,

கவலைப்படாதேன்னு சொல்ல நீ யாருடா? உன்னைத் தூக்கி வளர்த்த நாள்லேருந்து எனக்கு அது ஒண்ணுதான் நிரந்தர வேலை. மத்த வேலையெல்லாம் போயிடுச்சு பாரு.

நல்லா யோசி. வீட்டு வாடகை எப்படிக் கட்டுவ? உன் விசா அந்த வேலையோட ஒட்டினதுதானே? நீ எழுதாட்டாலும் எனக்குத் தெரியும். ஒரு பம்புக்காக நீ தெருவுல நிக்கணும்னு அத்தான்கூட கேட்க மாட்டார்.

ஆனா ஒண்ணு. அஞ்சு வருஷமா என் வீட்டுல நிலைக்கண்ணாடி பக்கத்துல உன் ஃபோட்டோவைத் திருப்பி வச்சிருந்தேன், முகம் சுவரைப் பார்த்த மாதிரி. நேத்து நேரா வச்சேன். முடி கொட்டியிருக்குமே இப்ப? ஒழுங்கா சாப்பிடு.

நீர்த்துறையில உன் கடிதம் போய்ச் சேர்ந்துச்சாம். அங்க இருக்கிற கிளார்க் அம்மா நம்ம ஏழாவது தெருதான். "உங்க தம்பி எழுதின மாதிரி யாரும் எங்களுக்கு இவ்வளவு மரியாதையா எழுதினதில்ல"ன்னு சொன்னாங்க. அனுமதி கையெழுத்தாகி வருது. நான் கேட்கல, அவங்களே வந்து சொன்னாங்க.

சலவைக்கூடத்துப் பொம்பளைங்க பம்புக்கு முறை வச்சுக் காவல் இருக்காங்க. காலையில குடத்தோட நாற்காலியும் வருது.

அக்கா


அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீர்த்துறையின் அனுமதியோடு அந்தப் பென்சில் குறிப்பை மன்றத்தில் வைத்தேன்; விசாரணை இரண்டு நாள் நடந்தது. தீர்ப்பு நேற்று வந்தது. முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், நீ கடைசிப் பக்கத்தைத் தேடுவாய். திருத்தம் மறுக்கப்பட்டது. மூவரில் இருவர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். எண்பத்தெட்டு அட்டவணைக்கு வெளியே நிற்கிறது. இனி அதன் மேல் யாரும் சங்கிலி போட முடியாது.

கேள்விகள் அவர்கள் மொழியில் கேட்கப்பட்டன. நீ சிரிக்க வேண்டும் என்பதற்காக நம் பேச்சில் எழுதுகிறேன்.

கம்பெனி வழக்கறிஞர், பத்தாண்டுகள் என் பக்கத்து அறையில் இருந்தவர், கேட்டார்: "நீங்க ரொம்ப கவனமான ஆள்தானே?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"கவனமான ஆளு ஒரு எண் குறையறதைப் பார்த்துட்டு சும்மா இருப்பாரா?"

"சும்மா இல்லைங்க. தேதி போட்டு எழுதி வச்சேன்."

"உங்க அக்காவுக்கு ஒரு ஃபோன் பண்ணியிருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்குமே. ஏன் கேட்கல?"

அப்போது, அக்கா, நான் தயாரித்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது; நாணயமான, நீளமான பதில். அது நாவில் வரவில்லை. "கேட்டிருந்தா அவங்க சொல்லியிருப்பாங்க. அவங்களுக்குப் பொய் வராது" என்றேன்.

நடுவர்களில் வயதான அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். கம்பெனியின் பொறியாளர்களே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வால்வாகப் பார்த்து, சரி என்று கையொப்பமிட்டிருப்பதை அவர்தான் எடுத்துக் காட்டினார். அறிந்தே விடப்பட்டதைப் பிழை என்று திருத்த இயலாது என்பது தீர்ப்பின் சாரம்.

நான் வென்றேன் என்று நினைத்துவிடாதே. நான் எழுதிக் கொடுத்தவை நூற்று நாற்பத்திரண்டு. எழுதாமல் விட்டது ஒன்று. குத்தகையில் இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் மீதி உள்ளன. அந்தக் கணக்கில் எனக்கு எந்த மன்றத்திலும் விடுதலை இல்லை. நான் கேட்கவும் மாட்டேன்.

பரஸ்பர சம்மதத்துடன் நிறுவனத்தை விட்டு விலகினேன். சம்மதத்தை அவர்களே தட்டச்சு செய்து தந்தார்கள். மேசையைக் காலி செய்தபோது திரும்பி வந்த அந்த மூன்று கடிதங்களையும் எடுத்துக்கொண்டேன். வாயிற்காவலர் அட்டைப் பெட்டியை வாசல் வரை சுமந்துவந்தார். விசா நவம்பர் இறுதி வரை.

ஒரு சட்டக் குறிப்பு. உணர்ச்சிவசப்பட்டு எழுதவில்லை, விதிகளை மூன்று முறை படித்த பின் எழுதுகிறேன். அட்டவணையில் இல்லாத எதுவும் ஒப்பந்தத்தில் அடங்காது என்ற விதிக்கு இப்போது தீர்ப்பின் வலுவும் சேர்ந்துவிட்டது. கம்பெனியின் தனியுரிமை குழாய் வழி விநியோகத்துக்கு மட்டுமே. ஊரார் தங்கள் கையால் புதிதாகப் போடும் அடிபம்பு எதற்கும் அது பொருந்தாது. ஆனால் குழாய் இழுக்காதீர்கள், கட்டணம் வாங்காதீர்கள், மருத்துவமனை நிலத்தைவிட்டு வெளியே போவதானால் நகராட்சியிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். குறடிடம் இதை இரண்டு முறை சொல்.

உன் தம்பி


நவம்பர் 2

தம்பி,

கடிதத்தைக் குறடுகிட்ட ரெண்டு தடவை இல்ல, நாலு தடவை படிச்சேன். மூணாவது தடவை, "குழாய் இழுக்கக் கூடாது, காசு வாங்கக் கூடாது, வெளிய போகக் கூடாது. அக்கா, தம்பி நமக்குக் கிணறு வெட்டச் சொல்லுதா, கல்யாணம் பண்ணி அனுப்புதா?"ன்னார். நாலாவது தடவை எழுந்து போனார். சாயங்காலம் பார்த்தா ஆஸ்பத்திரி பிரசவ வார்டுக்குப் பின்னாடி நாலு குச்சி நட்டு கயிறு கட்டியிருக்கார்.

பதினாறு நாள் ஆச்சு. ஐம்பத்திரண்டு அடி. நான் தினமும் கம்பியை நட்டு வச்சுக் காதைக் குடுத்துக் கேட்டேன். பதினாலாவது நாள் கேட்டுச்சுடா. எத்தனை வருஷமாச்சு, உள்ளேருந்து வர்ற சத்தம் கேட்டு, அதை யாருக்காகவும் மூட வேண்டியதில்லன்னு தெரிஞ்சு. அங்கேயே கீழ உட்கார்ந்துட்டேன். சலவைக்கூடத்துப் பொம்பளைங்க பயந்து போய் டாக்டரைக் கூப்பிட்டுட்டாங்க.

நீ சொன்னது சரிதான். நூத்தி நாப்பத்திரண்டு போனது போனதுதான். நான் மன்னிச்சேன்னு எழுதினா அது பொய், எனக்குத்தான் பொய் வராதுன்னு மூணு நீதிபதிகிட்ட சொல்லிட்டியே. இன்னைக்கும் ஆறாவது தெருவைத் தாண்டும்போது தையல்காரர் படிக்கட்டைப் பார்க்க முடியல. ஆனா கோபத்தை வச்சுக்கிட்டே சோறு போட எனக்குத் தெரியும். நீ சின்ன வயசுல தினமும் சாப்பிட்டது அப்படித்தான்.

முன்னறையைக் காலி பண்ணி வச்சிருக்கேன். அத்தான் மேசை உனக்கு. எழுதற வேலை இங்க நிறைய இருக்கு. கார்டு மீட்டர் நோட்டீஸ் வந்த வீடு நூறாவது இருக்கும், ஒருத்தருக்கும் அது என்ன சொல்லுதுன்னு தெரியல. காசு பெருசா வராது. மரியாதையா எழுதற ஆளு வேணும்னு நீர்த்துறை கிளார்க் அம்மாவும் சொல்லிட்டிருக்காங்க.

நேத்து புதுப் பம்பு வச்சாச்சு. தண்ணி கொஞ்சம் செம்மண் நிறமா வருது, ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும். குறடு பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமா வந்து, "நூத்தி நாப்பத்திநாலுதானே அக்கா?"ன்னார். நான் டப்பாவை மூடி வாங்கி வச்சுக்கிட்டேன். "எண் போடற வேலை என் தம்பியுது. அவன் வந்து போடட்டும்"னேன்.

நவம்பர் கடைசின்னு எழுதியிருக்க. பெயிண்ட் காயறதுக்குள்ள வந்து சேர். அதுவரைக்கும் அந்தப் பம்பு எந்த லிஸ்ட்டுலயும் இல்ல.

அக்கா